மறு: அரேஞ்சருக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

தேன்மொழி:
எல்லாருக்கும் வணக்கம். ரொனால்ட் பிஞ்ச்னு ஒரு இங்கிலாந்து இசைக்காரர் பத்தின கட்டுரை ஒண்ண மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். 1910ல டார்பியில பொறந்தவர், பதினேழு வயசுல தியேட்டர்ல ஆர்கன் வாசிக்கப் போனவர், 1935லேர்ந்து மான்டோவானிங்கறவரோட இசைக்குழுவுக்கு அரேஞ்சர். முதல் வரியிலயே மாட்டிக்கிட்டேன். கம்போசர்னா இசையமைப்பாளர், அரேஞ்சர்னா? "இசை ஏற்பாட்டாளர்"னு போட்டா கல்யாணத்துக்கு நாதஸ்வரம் புக் பண்றவர் மாதிரி இருக்கு. 1951ல வந்த 'சார்மெய்ன்' ரெக்கார்டுதான் கட்டுரைக்கே உயிர். மெட்டு எர்னோ ரப்பேயோடது, 1926லயே வந்துடுச்சு. ரெக்கார்டு வித்தது மான்டோவானி பேர்ல. அப்ப பிஞ்ச் என்னதான் செஞ்சார்னு வாசிக்கறவங்க கேப்பாங்கல்ல, அதுக்குத்தான் சொல் வேணும்.

கண்ணன்:
நம்ம சினிமாவுல இந்த வேலைக்குப் பேரே வைக்கல. எம்.எஸ்.வி. படத்து டைட்டில்ல 'உதவி'ன்னு போட்டு கோவர்த்தனம், ஹென்றி டேனியல் பேரெல்லாம் வரும், அவ்ளோதான். "இசை ஒருங்கிணைப்பாளர்"னு மட்டும் வச்சிடாதீங்க, வாத்தியக்காரங்களுக்குப் போன் போட்டு வரவழைக்கிறவர்னு ஆயிடும்.

புலவர் ஐயா:
இசைக்கோப்பாளர் என்க. கோத்தல், கோப்பு. மாலை கோத்தான் என்பதே வழக்கு, 'கோர்த்தான்' பிழை, அந்த ரகர ஒற்று பின்னால் நுழைந்தது. வேண்டுமாயின் இசைத்தொடையாளர் எனலாம், தொடுத்தலால் தொடை, மோனை எதுகையெல்லாம் தொடை தானே.

கண்ணன்:
ஐயா, தொடைய விட்டுடுவோம், இலக்கணம் படிக்காதவன் கறிக்கடைக்குப் போயிடுவான். இசைக்கோப்புன்னா இன்னிக்கு எம்பி3 ஃபைல். ஃபைலுக்குக் கோப்புன்னு பேர் வச்சதே நம்மள மாதிரி ஆளுங்கதான், இப்ப எங்க திரும்பினாலும் அதுவே வந்து நிக்குது.

சிவா, லண்டன்:
நாங்கள் இசைக்கோர்ப்பு எண்டுதான் சொல்லுறனாங்கள், கேட்ட உடன விளங்கும். தங்கச்சி, இந்த மனுசன்ர 'செய்லிங் பை' தான் பிபிசி ரேடியோ 4ல நடுச்சாமம் கழிய, கப்பல்காரருக்கான வானிலை அறிக்கைக்கு முன்னால போறது. இரவு வேலை முடிச்சு கார்ல வரேக்க எத்தினை வருசமா கேக்கிறன், ஆர் போட்டது எண்டு இப்பதான் தெரியும். 'சார்மெய்ன்'ல வாற அந்த 'அருவி வயலின்' விசயத்த எப்பிடி எழுதப் போறீங்கள்?

தேன்மொழி:
அது இதவிடப் பெரிய தலவலி சிவாண்ணா. பிஞ்ச் வயலின்காரங்கள சில பிரிவாப் பிரிச்சிடறார். முதல் பிரிவு மெட்டோட ஒரு சுரத்த வாசிச்சு அப்படியே இழுத்துப் புடிக்கும், அது நிக்கறதுக்குள்ள அடுத்த பிரிவு அடுத்த சுரத்த எடுத்துக்கும், அதுவும் இழுக்கும். ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு பெரிய தேவாலயத்துக்குள்ள வாசிக்கிற மாதிரி எதிரொலி வந்துடும், அதுக்குன்னு எந்த மெஷினும் கெடயாது, எல்லாம் பேப்பர்ல எழுதினதுதான். 'அருவி நரம்பொலி'ன்னு வச்சிருக்கேன்.

புலவர் ஐயா:
நீர்வீழ்ச்சி என்று எழுதாமல் அருவி என்றதற்கு வாழ்த்து. ஆயினும் இது நமக்குப் புதிதன்று, சிலம்பின் அரங்கேற்று காதையைப் பார்க்க. 'குழல்வழி நின்றது யாழே', யாழ்வழித் தண்ணுமை, தண்ணுமைவழி முழவு. ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றனவே!

கண்ணன்:
அங்க வேற வேற வாத்தியம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு போகுது ஐயா. இங்க ஒரே மெட்ட சுரம் சுரமாப் பிச்சு ஒரே வாத்தியக்காரங்களுக்குள்ள பங்கு வைக்கிறாங்க. இளங்கோவடிகளுக்கு இதுல பங்கு இல்ல.

புலவர் ஐயா:
பங்கு உண்டா இல்லையா என்பதை உரையோடு படித்தவர்கள் சொல்லட்டும்.

(இதுக்கப்புறம் முழவா தண்ணுமையான்னு பதினஞ்சு மடல் ஓடுச்சு, அத வெட்டிட்டேன் – தேன்மொழி)

தேன்மொழி:
நாளைக்குக் காலைல அனுப்பணும். நெறைய பேர் இசைக்கோர்ப்பாளர்னு சொன்னதால அதையே போடறேன், கண்ணனுக்கு அரேஞ்சர்னே விட்டுடணும்னு இன்னும் ஆசைதான். முதல் தடவ வர்ற எடத்துல "அடுத்தவர் மெட்டுக்கு எந்த வாத்தியம் எங்க என்ன வாசிக்கணும்னு எழுதறவர்"னு ஒரு வரி சேத்துட்டேன். 'எலிசபெதன் செரனேட்', 'செய்லிங் பை' ரெண்டும் அவரோட சொந்த மெட்டு, அங்க மட்டும் இசையமைப்பாளர். 'எலிசபெதன் செரனேட்' மொதல்ல 'தெருவுல போற சாதாரண மனுசன்'ங்கற மாதிரி வேற பேர்லதான் இருந்துச்சு, புது ராணியா எலிசபெத் வந்ததும் பேர மாத்திட்டாங்க.

சிவா, லண்டன்:
நல்லம். அனுப்புங்கோ.

புலவர் ஐயா:
அந்த 'ர்' ஐ நீக்கினால் எனக்கு மறுப்பில்லை. நீக்காவிடில் என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் பதிந்து வைக்கவும்.