விவாதம்: நாடு வேண்டும், பெரிய அரசு வேண்டாம் என்கிறேன்

தோவாளைக்காரன்

1999-ல் குமரி மாவட்டத் தோவாளையிலிருந்து அமெரிக்காவுக்குப் போனேன். கிரீன் கார்டுக்கு 9 ஆண்டு காத்திருந்தேன். ஓராண்டுக்கான ஒதுக்கீட்டில் எந்த நாட்டவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்பது அங்குள்ள சட்டம். இந்தியர் கூட்டம் அதிகம், வரிசையும் நீளம். நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் வீடு. யாரை எப்போது உள்ளே விடுவது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 2014-ல் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று, வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு கையில் ஒரு சிறு கொடியைக் கொடுத்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டு ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது. அதை இன்றும் அம்மாவின் படத்துக்குக் கீழேதான் வைத்திருக்கிறேன்.

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) என்ற அட்டை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் பிறந்த ஊரில் ஒரு சென்ட் விவசாய நிலம்கூட விலைக்கு வாங்க முடியாது, ஓட்டும் கிடையாது. சரிதான். விட்டுப் போனவன் நான். இப்படி எல்லை வகுத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்பதே என் தேசியம். யாரும் ஓட்டுப் போடாத உலக அமைப்புகள் நமக்குச் சட்டம் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஆனால் நாட்டை நேசிப்பது வேறு, அரசைப் பெருக்குவது வேறு. என் அப்பா பூ வியாபாரி. பிச்சிப்பூ வாடுவதற்குள் கேரளத்து விலை தெரிய வேண்டும். தொலைபேசிக்கு மனுக் கொடுத்துவிட்டு 7 ஆண்டு காத்திருந்தார். தினமும் விடியற்காலையில் பக்கத்துத் தெரு டாக்டர் வீட்டு வாசலில் நின்று, அவர்கள் கதவைத் திறந்ததும் கெஞ்சி ஒரு அழைப்புப் பேசுவார். எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்த அரசு செய்த வேலை அது. எல்லைக் காவல், போலீஸ், நீதிமன்றம் போதும். மற்றதை மக்களிடம் விட வேண்டும்.

அருமனைத் தோட்டம்

வெளியார் நமக்குச் சட்டம் சொல்வது பற்றி நீங்கள் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன், அண்ணாச்சி. நான் ரப்பர் பால் வெட்டி ஷீட் அடிப்பது அருமனையில். அதற்கு விலை வைப்பது பாங்காக் போன்ற வெளிநாட்டுச் சந்தைகள். 2011-ல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே விழுந்தது. வெட்டுக்கூலிக்கே கட்டுப்படியாகாமல் எத்தனையோ தோட்டங்களில் மரத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆனால் இறக்குமதி ரப்பரைத் தடுத்து நிறுத்துவது யார்? 2015-ல் வரியை 20-லிருந்து 25 விழுக்காடாக உயர்த்தியது அரசுதான். அதுவும் போதவில்லை. சிறிய அரசை வைத்துக்கொண்டு எந்த எல்லையைக் காப்பீர்கள்?

தூத்தூர்க் கரை

நான் கடற்கரைக்காரி. எனக்கு ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30. ஒக்கி. எங்கள் ஆட்கள் புயலுக்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்கள். கரையில் விடுத்த எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்ட வழியில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராகப் பெண்கள் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து பேர்ப்பட்டியல் எழுதினோம். படகின் பெயர், போன தேதி, எத்தனை பேர். என் சித்தப்பாவின் பெயரை நான்தான் எழுதினேன். வயது கேட்டார்கள், சித்தி சொன்னது ஒன்று, ரேஷன் கார்டில் இருந்தது ஒன்று. எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதினேன். டிசம்பர் 7-ல் குழித்துறையில் ரயிலை மறித்தோம். எதற்கு? அரசு வேண்டாம் என்றா? கப்பலையும் ஹெலிகாப்டரையும் இன்னும் தூரம் அனுப்புங்கள் என்று கேட்டு மறித்தோம்.

காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள 7 ஆண்டு ஆக வேண்டும் என்பது சட்டம். அதைத் தளர்த்திச் சான்றிதழும் நிவாரணமும் கொடுத்ததும் அரசுதான். தேடும் வேலையை எந்தத் தனியாரிடம் விட்டிருக்க வேண்டும், சொல்லுங்கள் அண்ணாச்சி.

எல்லையைப் பற்றியும் சொல்கிறேன். சூரைக்கும் சுறாவுக்கும் எல்லை தெரியாது. மீனைத் தேடிப் போன எங்கள் பகுதிப் படகுகள் இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியா பக்கம் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டிருக்கின்றன. அந்தத் தீவு மக்களைத்தான் அவர்களே 1970-களுக்குள் வெளியேற்றிவிட்டார்கள். "அது அவர்கள் வீடு" என்று அங்கேயும் சொல்வீர்களா?

மார்த்தாண்டம் ஆசிரியர்

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். தோவாளைத் தம்பிக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 1859-ல் நாடார் சாதியைச் சேர்ந்த நம் பாட்டிமார் மேலாடை அணியலாம் என்று, அன்று குமரியை ஆண்ட திருவிதாங்கூர் அரசர் பிரகடனம் செய்தார். அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த அளவுக்காவது அவர் இறங்கி வந்ததற்கு நம் மக்களின் போராட்டம் ஒரு காரணம், சென்னையின் பிரிட்டிஷ் ஆளுநர் டிரெவெலியன் கொடுத்த நெருக்கடி இன்னொரு காரணம். நம்மில் யாரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. நாட்டு வழக்கத்தைக் காட்டித்தான் அன்று அரண்மனை சார்பில் வாதாடினார்கள்.

எங்கள் வீட்டு ஆதாரப் பத்திரம் இன்னும் மலையாளத்தில்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. என் பாட்டி ஒரு அடிகூட நகரவில்லை. நாடு அவளைக் கடந்து போனது. அதற்காக 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூட்டில் நம் ஆட்கள் உயிரை விட்டார்கள். எல்லை புனிதமானது என்று அவர்கள் நம்பியிருந்தால் இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணி பின்னால் போயிருக்க மாட்டார்கள்.

தோவாளைக்காரன்

ஐயா, நேசமணி எல்லையை அழிக்கச் சொல்லவில்லை. சரியான இடத்தில் போடச் சொன்னார். அது என் பக்கத்து வாதம். டிரெவெலியன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை.

தங்கச்சி, ஒக்கி பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கடலில் தேடுவது எல்லைக் காவலோடு சேர்ந்த வேலை. அதை நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன். வெளியேற்றப்பட்ட தீவுக்காரர்களின் வீட்டை என் வாதத்தால் காக்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசு பெருத்தால் அது கடலுக்குப் போகாது, தங்கச்சி. உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

பெருமாள்புரம் 1991

எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது, அண்ணா.

அப்பாவும் அம்மாவும் 1990-ல் இலங்கையின் மன்னாரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். நான் 1991-ல் இந்தப் பெருமாள்புரம் அகதிகள் முகாமில் பிறந்தேன். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும். என் பெற்றோர் இருவருமே இந்தியர் இல்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டுப் பெயர்கள் இருந்தன. இலங்கையைத் தேடிப் பார்த்தேன். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது.

நீங்கள் 9 ஆண்டு வரிசையில் நின்றதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு நிற்க வரிசையே இல்லை.

தோவாளைக்காரன்

உங்களைப் போன்றவர்களை நான் யோசிக்கவே இல்லை, தங்கச்சி. இந்த முகாமைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் கன்னியாகுமரிக்கு வண்டியில் போயிருக்கிறேன். வரிசை என்று ஒன்றை ஏற்படுத்திக் கொடுப்பது எல்லைக்கு உரிமை கொண்டாடும் அரசின் கடமை. அதைச் செய்யாத அரசுக்காக நான் வாதாட மாட்டேன். ஒன்று கேட்கலாமா? உங்களுக்கு வேண்டியது இந்தியக் குடியுரிமையா, திரும்பிப் போகும் வழியா?

பெருமாள்புரம் 1991

அப்பாவுக்கு மன்னார். அங்கே வீட்டு வாசலில் நின்ற பாலை மரத்தைப் பற்றித்தான் இப்போதும் பேசுவார். எனக்கு இங்கேதான். என் மகள் நாகர்கோவிலில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டுக்கும் கையில் ஒரு தாள் வேண்டும், அண்ணா. மீதியை நாளை இரவு எழுதுகிறேன். காலையில் அதிகாரிகள் முகாமில் ஆள் சரிபார்க்க வருவார்கள். எல்லோரும் வீட்டில் இருந்தாக வேண்டும்.