உதவி தேவை: ஜிப்சி கிங், 60-க்கு மேல் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் பேயாட்டம்

மலைஜிப்சி:
வணக்கம். வண்டி 2012 மாருதி ஜிப்சி கிங் ஜீப், சாஃப்ட் டாப். எஸ்டேட் பாதையில்தான் அதிகம் ஓடும். அடியில் தட்டுகிறது என்று முன்னும் பின்னும் 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் (ஸ்ப்ரிங் பட்டையின் ஒரு நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் துண்டு) போட்டு, 205/70 ஆர்15 டயரைக் கழற்றி 235/75 ஆர்15 ஏற்றியிருக்கிறேன், ரிம் கம்பெனி ரிம்தான். கோத்தகிரி மலையில் ஒரு பிரச்சினையும் இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கி கோவை ரோட்டில் 60-ஐத் தாண்டும்போது ஒரு சக்கரம் பள்ளத்திலோ பாலத்து இணைப்பிலோ விழுந்தால் போதும், ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி இடதும் வலதுமாக ஆடுகிறது, பிரேக் பிடித்து 30-க்குக் கொண்டுவந்தால்தான் நிற்கிறது. வீல் பேலன்ஸ், அலைன்மெண்ட் இரண்டும் பார்த்தாயிற்று. பட்டறையில் கனமான ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டால் போதும் என்கிறார்கள். போடலாமா, எது வாங்குவது?

லீஃப்பட்டை:
டேம்பரை இப்போதைக்கு வாங்காதீர்கள். வலி மாத்திரை மாதிரி கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், உள்ளே தேய்கிறது தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

அலைன்மெண்ட் கடையில் கொடுத்த சீட்டு இருக்கிறதா? அதில் காஸ்டர் என்று ஒரு எண் இருக்கும், சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், அதைப் போடுங்கள். ஜிப்சிக்கு முன்னால் முழு ஆக்ஸில் என்பதால் கடைக்காரர் டோ (முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் சரிசெய்ய முடியும், மற்ற எண்களைப் பலர் பார்ப்பதே இல்லை. கம்பெனி காஸ்டர் 3.5 டிகிரி. முன் ஸ்ப்ரிங்கில் ஷாக்கிள் இருப்பது முன் நுனியில். அதை நீளமாக்கினால் ஸ்ப்ரிங்கின் முன் நுனி கீழே இறங்கும், அதோடு ஆக்ஸிலும் முன்பக்கமாகச் சுழலும், காஸ்டர் குறையும். ஸ்ப்ரிங் நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நுனி இறங்கியது 5 செ.மீ., கணக்குப் போட்டால் 3 டிகிரி போய்விடுகிறது. இன்னொன்று, 2 அங்குல ஷாக்கிள் போட்டால் வண்டி 2 அங்குலம் ஏறாது, ஆக்ஸில் நடுவில் இருப்பதால் 1 அங்குலம்தான். அந்த 1 அங்குலத்துக்கு நீங்கள் கொடுத்த விலை மொத்த காஸ்டரும்.

மலைஜிப்சி:
சீட்டைத் தேடி எடுத்தேன் அண்ணா. காஸ்டர் இடது 0.6, வலது 0.4. சிவப்பில்தான் அச்சாகியிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம், இதே ஷாக்கிள் போட்ட இன்னொரு ஜிப்சி எங்கள் ஊரிலேயே ஆடாமல் ஓடுகிறதே?

கிரீஸ்கை:
அதற்குக் காரணம் அந்த வண்டியில் கிங் பின் (முன் சக்கரம் இடது வலதாகத் திரும்பும் அச்சாணி) இறுக்கமாக இருக்கும். காஸ்டர் குறைந்தால் சக்கரம் தானாக நேராகிற பலம் போய்விடும், ஆனால் ஆட்டம் தொடங்க எங்காவது லூஸ் வேண்டும். டயரும் இப்போது கனம், 668 மி.மீ. விட்டம் இருந்தது 733 ஆகியிருக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் லூஸ் காணாமல் போனால் வீல் பேரிங், அதை நட்டு திருகியே சரிசெய்யலாம். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின் பேரிங். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது லூஸ் தெரிந்தால் ஸ்டீயரிங் கம்பிகளின் மூட்டுகள், அதாவது டை ராடு எண்டு, டிராக் லிங்க் எண்டு பக்கம் பாருங்கள்.

மலைஜிப்சி:
செய்தேன். வலதுபக்கம் பிரேக் மிதித்த பிறகும் டக் டக் என்று சத்தம் வருகிறது. இடது பரவாயில்லை. டை ராடு எண்டு கம்பெனி பாகம் போட்டு அதிக நாள் ஆகவில்லை, அதில் லூஸ் இல்லை. கிங் பின் பேரிங் எங்கே வாங்குவது? இங்கே கேட்டால் 2019-லேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள், வராது என்கிறார்கள்.

கிரீஸ்கை:
வராது என்பதெல்லாம் அலமாரியில் இல்லை என்பதற்கு மரியாதையான பதில். ராணுவம், போலீஸ் என்று வாங்கிப்போட்ட வண்டி, பாகம் புழங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கிங் பின்னில் பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் 4 டேப்பர் பேரிங், நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், வலது மட்டும் என்று விடாதீர்கள். கழற்றினதும் பேரிங் முகத்தில் எண் இருக்கும், அதைத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு நல்ல பேரிங் கடைக்குப் போங்கள், வண்டி பேரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டுங்கள். நக்கிள் (கிங் பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சீல், ஃபெல்ட் இரண்டும் மாருதி டீலரிடம் ஆர்டர் போட்டு வாங்குவது நல்லது. கிங் பின்னுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எந்தப் பக்கத்தில் எது என்று பிரித்துவையுங்கள். அதை வைத்துத்தான் பேரிங் இறுக்கம் செட் செய்ய வேண்டும், சீல் மாட்டுவதற்கு முன் நக்கிளை ஸ்ப்ரிங் தராசில் இழுத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கத் தெரியாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

புதுப்பேட்டைக்காரன்:
பழைய பாகம் என்றால் சென்னை புதுப்பேட்டையில் ஆக்ஸில் முழுசாகவே கிடைக்கும், ஆனால் பேரிங், சீல் மட்டும் பழசு வேண்டவே வேண்டாம். வடக்கே மண்டி டப்வாலி பக்கமிருந்து லாரியில் வரவைக்கிறவர்களும் இருக்கிறார்கள், பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

லீஃப்பட்டை:
காஸ்டருக்கு வருகிறேன். முன் ஷாக்கிளைக் கழற்றி கம்பெனி ஷாக்கிளை மாட்டுங்கள். உயரம் வேண்டுமென்றால் பட்டையிலேயே கேம்பர் (வில் வளைவு) ஏற்றிக்கொள்ளலாம், நுனிகள் இருந்த இடத்தில் இருக்கும், காஸ்டர் பெரிதாக மாறாது. நாமக்கல், சங்ககிரி பக்கம் ஸ்ப்ரிங் பட்டறைகளில் அருமையாகச் செய்வார்கள், ஆனால் அவர்கள் கை லாரிக்குப் பழகிய கை, உங்கள் வண்டி ஏறக்குறைய ஒரு டன்தான், கூடுதல் பட்டை வைக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும். நீள ஷாக்கிளையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஸ்ப்ரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே 3 டிகிரி ஆப்புத் தகடு வைக்கலாம். இரும்பில் கடைந்தது மட்டும், அலுமினியம் நசுங்கி உடையும்.

மலைஜிப்சி:
கம்பெனி ஷாக்கிளுக்கே போகிறேன். பின்பக்கம் நீள ஷாக்கிளை விட்டுவைக்கலாமா?

லீஃப்பட்டை:
கழற்றிவிடுங்கள். பின்னால் ஷாக்கிள் நீண்டால் டிஃபரன்ஷியல் மூக்கு மேலே தூக்கும். கியர்பக்கமிருந்து அந்த மூக்குக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு யு ஜாயிண்டிலும் கோணம் ஒரே அளவு இருந்தால்தான் அதிர்வு வராது.

சட்டம்தெரிஞ்சவன்:
ஒரு வார்த்தை. 2012 வண்டி என்றால் 15 வருடப் புதுப்பிப்பு பக்கத்தில் வந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்கு மாறாக மாற்றம் செய்தால் 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ இருக்கிறது. ஆய்வுக்குப் போகும்போது டயரும் ஷாக்கிளும் கம்பெனி அளவில் இருக்கட்டும், பழைய டயரை விற்றுவிடாதீர்கள்.

மலைஜிப்சி:
பழைய டயர் கொட்டகையில்தான் கிடக்கிறது, நல்லவேளை. நான்கு பேரிங்கும் மாற்றி, முன்னும் பின்னும் கம்பெனி ஷாக்கிள் மாட்டியாயிற்று. காஸ்டர் இப்போது 3.3, 3.2. அதே பாலத்து இணைப்பில் 75-ல் ஏற்றினேன், ஸ்டீயரிங் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. டேம்பர் பழையதே.

கிரீஸ்கை:
அந்த 75 மீட்டரில் பார்த்தது என்றால் உண்மையில் 82, டயர் 10 சதவீதம் பெரியது. ஸ்ப்ரிங்கை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு போல்ட் புதிதாகப் போட்டீர்களா? சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் வண்டியைத் தரையில் நிற்கவைத்தே மறுபடி முறுக்குங்கள், புது நட்டு கொஞ்சம் தளரலாம்.