ஸாமா போரில் யானைகளுக்கு என்ன விதி வைக்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி. துப்பாக்கிக் காலப் போர்களுக்கான எளிய மேசை விளையாட்டு விதிகளை மாற்றி, கி.மு. 202இல் ரோமானியத் தளபதி ஸிபியோவும் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும் மோதிய ஸாமா போரை ஆடப் பார்க்கிறேன். சுடும் கட்டத்தை எடுத்துவிட்டேன். ஈட்டி எறிவதற்கு, கைகலப்பின் முதல் சுற்றில் ரோமானியருக்கு ஒரு பகடை கூடுதல். அது நன்றாகவே ஓடுகிறது.

சிக்கல் ஹன்னிபாலின் யானைகள்தான். ஸிபியோ படைப்பிரிவுகளுக்கு நடுவே விட்ட சந்துகளில் பல ஓடிவிட்டன, சில மிரண்டு சொந்தக் குதிரைப்படை மேலேயே பாய்ந்தன. மிரண்ட யானையின் திசையைப் பகடை முடிவு செய்தால் ஆட்டம் வெறும் அதிர்ஷ்டமாகிவிடுகிறது (சிரிப்புக்குக் குறைவில்லை, அது வேறு). எதிரே இடைவெளி இருந்தால் அதில்தான் நுழையும் என்று வைக்கலாமா?

அப்புறம், ரோமானியரின் மூன்று வரிசைகள் இடம் மாறத் தனி விதி வேண்டுமா, ஒரு நகர்வைச் செலவிட்டால் போதுமா? ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.