வைகை மலைக்கு எந்த வட்டாரக் காலநிலை மாதிரி?
மதுரையில் ஆய்வு மாணவன். வைகை பிறக்கும் வருசநாட்டு மலைக்கு எதிர்கால மழைக் கணிப்பு வேண்டும். ஒரு வட்டாரத்தின் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகளைத் திரட்டும் பன்னாட்டுத் திட்டம் கார்டெக்ஸ்; அதன் தெற்காசியத் தொகுப்பில் ரெக்சிஎம், ரெமோ, காஸ்மோ என்ற மூன்று மாதிரிகளை எடுத்தேன்; அவை நிலத்தைப் பிரிக்கும் கட்டம் 0.22 டிகிரி, சுமார் 25 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறையின் 0.25 டிகிரி மழைத் தரவோடு 1981–2005 காலத்தை ஒப்பிட்டேன்.

ஆண்டு மழை ஓரளவு பொருந்துகிறது. ஆனால் மாதிரிகளில் தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டி மழைமறைவான கம்பம் பள்ளத்தாக்கில் கொட்டுகிறது, ஐப்பசி மழையோ குறைகிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன, அவ்வளவுதான். மாதிரி தரும் மழை அளவுகளின் பரவலை அளந்த மழையின் பரவலோடு பொருத்தித் திருத்தும் குவான்டைல் மேப்பிங்கும் செய்து பார்த்தேன். அளவு சரியாச்சு, மழைநாட்களின் வரிசை சரியாகவில்லை. மலைமேல் மழைமானிகள் குறைவு. ஒப்பிடும் தரவையே முழுசாக நம்ப முடியவில்லை.

வடகிழக்குப் பருவத்தில் தேறாத மாதிரியைக் கழித்துவிடலாமா, மூன்றையும் வைத்தே கணிக்க வேண்டுமா?