தனியார் நிலத்தில் ஃபெசன்ட் வேட்டைக்கு எப்படி இடம் பிடிப்பது?

கேள்வி:
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறேன். இந்த சீசனில் நாயையும் கூட்டிக்கொண்டு ஃபெசன்ட் (கோழி போன்ற நீண்ட வால் பறவை) வேட்டைக்குப் பக்கத்து மாநிலங்களான வடக்கு, தெற்கு டகோட்டா பக்கம் போக ஆசை. ஆனால் பறவை இருக்கும் இடமெல்லாம் யாராவது ஒருவருடைய வயலாகத்தான் இருக்கிறது. தெரிந்த விவசாயி யாரும் இல்லை, கட்டணப் பண்ணைகளுக்குக் கொடுக்க வசதியும் இல்லை. சிஆர்பி என்ற அரசுத் திட்டத்தில் பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு அரசுதானே பணம் கொடுக்கிறது, அதில் இறங்கலாமா?

பதில் 1:
கேட்காமல் இறங்கக் கூடாது. சிஆர்பியில் அரசு வாடகை கொடுப்பது 10, 15 வருடம் பயிரிடாமல் புல்லை நிற்கவிடுவதற்குத்தான், நம்மை உள்ளே விடுவதற்கு அல்ல. நீங்கள் தேட வேண்டியது வாக்-இன் நிலம். மாநில வனவிலங்குத் துறையே உரிமையாளருக்குப் பணம் கொடுத்து, பொதுமக்கள் நடந்துபோய் வேட்டையாட ஏற்பாடு செய்திருக்கும், யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம். கான்சாஸில் 1995இல் தொடங்கியது இன்று 10 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. வடக்கு டகோட்டாவில் இதன் பெயர் பிளாட்ஸ், மஞ்சள் முக்கோணப் பலகை இருக்கும். உங்கள் மினசோட்டாவிலேயே இருக்கிறதே, உரிமத்தோடு 3 டாலர் சேர்த்துக் கட்டினால் போதும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். எந்த நிலம் திட்டத்தில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பழைய வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள்.

பதில் 2:
இரண்டு டகோட்டாவுக்கும் சட்டம் ஒன்றல்ல. வடக்கில் 'நுழையாதே' என்று அறிவிக்காத தனியார் நிலத்தில் வேட்டைக்கு இறங்கலாம், ஆனால் 2021 முதல் அந்த அறிவிப்பை இணையத்திலேயே பதிவு செய்யலாம் என்பதால் வேலியில் பலகை இல்லை என்று மட்டும் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். தெற்கில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனுமதி கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வாக்-இன் நிலத்தை முதல் வாரத்திலேயே எல்லாரும் மிதித்துத் தீர்த்துவிடுவார்கள் என்கிறார்களே?

பதில் 3:
கூட்டம் உண்மைதான், அதற்காக விட்டுவிடாதீர்கள். பனி விழுந்த பிறகு பறவைகள் கோரைப்புல் அடர்ந்த சதுப்புக்குள் ஒதுங்கும், அங்கே நடக்கச் சிரமப்பட்டே பலர் திரும்பிவிடுவார்கள்.

அப்புறம், நேரில் போய்க் கேளுங்கள். தனியார் நிலத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சீசன் தொடங்கும் அன்று காலையில் துப்பாக்கியோடு வாசலில் நிற்காமல், முன்னதாகவே போய் எத்தனை பேர், எத்தனை நாய், எந்த நாள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அறுவடை நேரமாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சை முடியுங்கள், அவர்களுக்கு அது உயிர்போகிற அவசரம். எங்கே போகலாம் என்பதைவிட எங்கே போகக் கூடாது என்று கேட்டால் அவர்களுக்கு நம்பிக்கை வரும்: மாடு நிற்கும் இடம், அறுக்காத சோளம், பக்கத்து வீட்டு எல்லை. திறந்த கதவை அப்படியே விடுங்கள், மூடியிருந்ததைத் திரும்ப மூடுங்கள். மறுத்தால் வாதாட வேண்டாம், மான் சீசன் முடிந்ததும் வரலாமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அக்டோபரில் முடியாது என்றவர்களில் சிலர் டிசம்பரில் தாராளமாக விடுவார்கள், ஏனென்றால் அதற்குள் அவர்கள் குடும்பத்தின் மான் வேட்டை முடிந்திருக்கும்.