தாயைக் கேட்காத சட்டமும் நீதிபதி கின்ஸ்பர்க்கும்

ஹட்டனிலிருந்து:

பாட்டியும் பாட்டியின் அம்மாவும் பொகவந்தலாவையில் பிறந்தவர்கள். பாட்டியின் அப்பா மட்டும் புதுக்கோட்டையிலிருந்து வந்தவர். 1948 ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தை பிறந்த இடத்தைக் கேட்டது. அது இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்த இடத்தைக் கேட்டது. தாயைக் கேட்கவே இல்லை. 2003 இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் பாட்டி இந்நாட்டுப் பிரசை ஆனார். பால் காரணமாகப் பாரபட்சம் கூடாது என்னும் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை பிரசைகளுக்கே உரியது. அதுவரை பாட்டிக்கு அந்தக் கதவும் இல்லை.

2017 இல் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அப்போது எழுதிய தீர்ப்பொன்றை விரிவுரையாளர் வாசிக்கச் சொன்னார். திருமணமாகாத பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை. தாய் அமெரிக்கர் என்றால் அவர் முன்பு அங்கே ஓராண்டு வசித்திருந்தால் போதும். தந்தை அமெரிக்கர் என்றால் 14 வயதுக்குப் பின் 5 ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டும். மொராலெஸ் சந்தானா என்பவரின் தந்தைக்கு 20 நாள் குறைந்தது. அத்தகைய பிள்ளை தாயின் பொறுப்பு மட்டுமே என்ற பழைய எண்ணம்தான் இதன் வேர் என்று காட்டி, அது சமத்துவத்துக்கு முரண் என்றார் கின்ஸ்பர்க். அங்கே தந்தைக்கு நடந்தது, இங்கே தாய்க்கு நடந்தது. விடுதியில் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திருத்தும்வரை கடுமையான விதியே இருவருக்கும் என்று அவர் முடித்தார். அந்த மனிதருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. 20 நாளின் விலை என்னவென்று மலையகத்துக்குத் தெரியும். அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அவர் மீதுள்ள மரியாதையும் குறையவில்லை. 2020 செப்டெம்பர் 18 இல், 87 வயதில் அவர் காலமானபோது பாட்டியின் படத்தருகே ஒரு விளக்கேற்றினேன்.

பண்டாரவளையிலிருந்து:

தங்கச்சி, எனக்குக் கின்ஸ்பர்க்கை அறிமுகப்படுத்தியது சம்பளக் கணக்கு. 1984 வரை தேயிலைத் தோட்டத்தில் பெண்ணின் நாட்கூலி ஆணுடையதைவிடக் குறைவு. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான். அந்தக் காசையும் சம்பள நாளில் அப்பாதான் கைநீட்டி வாங்குவார்.

லில்லி லெட்பெட்டர் அமெரிக்க டயர் தொழிற்சாலையொன்றில் மேற்பார்வையாளர். தன் சம்பளம் ஆண்களுடையதைவிடக் குறைவு என்று பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார். 180 நாளுக்குள் முறையிடவில்லை என்று 2007 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கைவிரித்தது. கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட கருத்தை இருக்கையிலிருந்தே வாசித்தார்: அடுத்தவர் சம்பளம் மறைக்கப்படும் இடத்தில் ஒருத்தி எப்படி உடனே முறையிடுவாள்? 2009 இல் சட்டமே திருத்தப்பட்டது. அம்மாவிடம் சொன்னேன். “நம் கணக்கும் அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கிறதே” என்றார்.

ஹட்டனிலிருந்து:

அண்ணா, அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். கூலி சமமான அந்த 1984 இல், முதல் சம்பளத்தையாவது அவர் தம் கையால் வாங்கினாரா?