21 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில்: ஒரு பேட்டரி பாதியில் நிக்குது, இன்னொண்ணுல இழுவை இல்ல

மரவேலை திருப்பூர் (கேள்வி):

வணக்கம். ட்ரில் மேல 21 வோல்ட்னு போட்டிருக்கு. சாதா கார்பன் மோட்டார், பிரஷ்லெஸ் இல்ல. கூட வந்த ரெண்டு பேட்டரியும் ரெண்டு விதமா மக்கர் பண்ணுது.

முதல் பேட்டரி: சார்ஜ்ல போட்டா பத்து நிமிஷத்துலயே பச்சை லைட் வந்துடுது. ட்ரில்ல மாட்டினா நாலஞ்சு ஸ்க்ரூ நல்லா இறக்கும், அப்புறம் சுத்தமா நின்னுடும். ட்ரிக்கரை விட்டு மறுபடி அழுத்தினாலும் அசைவில்ல. சார்ஜர் பின்னை ஒரு நொடி சொருகி எடுத்தா உயிர் வருது. மீட்டர்ல 20.1 வோல்ட் காட்டுது.

ரெண்டாவது பேட்டரி: நடுவுல நிக்கிறதில்ல, ஆனா இழுவை இல்ல. சும்மா சுத்துறப்ப வேகம் சரியா இருக்கு. மரத்துல 20 மி.மீ. தட்டை பிட் போட்டா முனகிட்டு நின்னுடுது. மீட்டர்ல 20.6.

ரெண்டுமே 20க்கு மேல இருக்கே, அப்போ பேட்டரி நல்லாதானே இருக்கணும்? புதுசு வாங்கலாமா, செல் மாத்தலாமா?

பேட்டரி சர்வீஸ்:

வேலை செய்யாம சும்மா இருக்கிற பேட்டரியோட மொத்த வோல்டேஜை வெச்சு முடிவு பண்ணாதீங்க. உள்ள அஞ்சு லித்தியம் செல் வரிசையா இருக்கு. ஒரு செல் முழு சார்ஜ்ல 4.2 வோல்ட், அஞ்சும் சேர்ந்து 21. அதே செல்லோட சராசரி 3.6னு கணக்குப் போட்டா 18. கடையில 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட்னு மூணு பேர்ல விக்கிறதெல்லாம் இந்த அஞ்சு செல் பேக்தான்.

முதல் பேட்டரியோட அறிகுறி தெளிவா இருக்கு. அஞ்சுல ஒரு செல் மட்டும் பின்தங்கியிருக்கும். சார்ஜ் ஏறும்போது மத்த நாலும் 4.25 கிட்ட போனதும் உள்ள செல்லைப் பாதுகாக்கிற பிஎம்எஸ் போர்டு சார்ஜை வெட்டிடும். கரண்ட் நின்னதால சார்ஜர் பச்சை காட்டும். ஓட்டும்போது அந்த ஒரு செல் 2.5 வோல்ட்டுக்கு இறங்கினதும் அதே போர்டு ட்ரில்லுக்குப் போற கரண்டையும் வெட்டும். பல போர்டுல ஒரு தடவை வெட்டினா, சார்ஜர் வோல்டேஜ் பட்டாதான் திரும்பத் திறக்கும். நீங்க பின்னை சொருகினதும் உயிர் வர்றது அதனாலதான்.

பேக்கைத் திறந்து செல் செல்லா அளந்து போடுங்க. மோதிரம், வாட்ச் கழட்டி வெச்சுட்டு உக்காருங்க. ஸ்க்ரூ டிரைவர் தவறி ரெண்டு நிக்கல் பட்டை மேல ஒண்ணா பட்டா நூறு ஆம்பியரைத் தாண்டி ஓடும், பட்டையே உருகி கண்ணுக்குத் தெறிக்கும். மீட்டரை 20 வோல்ட் டிசி ரேஞ்சுல வைங்க. சிவப்பு ஒயர் ஆம்பியர் ஓட்டையில இல்லைன்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. போர்டுல B−, B1, B2, B3, B4, B+னு எழுதியிருக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவுல அளந்தா அஞ்சு நம்பர் கிடைக்கும்.

டூல்ஸ் மெக்கானிக்:

ரெண்டாவது பேட்டரிக்கு நான் சொல்றேன். பேட்டரி மேல பழி போடுறதுக்கு முன்னாடி ட்ரில்லைப் பாருங்க. இழுவை குறைய மூணு இடம் உண்டு: செல்லோட உள் எதிர்ப்பு ஏறியிருக்கலாம், பேட்டரியும் ட்ரில்லும் சேர்ற தகடு லூஸா இருக்கலாம், கார்பன் தேஞ்சிருக்கலாம். கூடவே கியர் எதுல இருந்துச்சுன்னு சொல்லுங்க. 20 மி.மீ. தட்டை பிட்டுக்கு மேல இருக்கிற நகர்த்தி 1ல இருக்கணும். 2ல வெச்சு ஓட்டினா நல்ல பேட்டரிகூட முனகும்.

1ல வெச்சும் முனகுதுன்னா ஒரு நிமிஷம் பாரம் கொடுத்து ஓட்டிட்டு, உடனே பேட்டரியைக் கழட்டி ரெண்டு பக்கத் தகட்டுக்கும் பக்கத்துல விரலை வெச்சுப் பாருங்க. சுடுதா, பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருக்கா? அதைச் சொன்னா பாதி விஷயம் முடிஞ்சுது.

மரவேலை திருப்பூர்:

அளந்துட்டேன் அண்ணா. முதல் பேட்டரி: 4.19, 4.20, 4.18, 4.19, 3.34. ரெண்டாவது: 4.12, 4.11, 4.13, 4.12, 4.12.

கியர் 1லதான் இருந்துச்சு. ட்ரில் பக்கம் பிளஸ் தகடு கறுத்துப்போயிருக்கு, சுத்தி பிளாஸ்டிக் கொஞ்சம் இளகின மாதிரி. தொட முடியாத சூடு. மைனஸ் பக்கம் அவ்வளவா இல்ல.

பேட்டரி சர்வீஸ்:

முதல் பேக்ல அஞ்சாவது செல் குற்றவாளி. ஆனா அது வெறுமனே பின்தங்கியிருக்கா, இல்ல உள்ளுக்குள்ளயே கசியுதான்னு பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

ஒரு டிபி4056 சார்ஜிங் மாட்யூல் வாங்குங்க, எலக்ட்ரானிக்ஸ் பாகம் விக்கிற எந்தக் கடையிலயும் கிடைக்கும். அதோட B+, B− ரெண்டையும் அந்த அஞ்சாவது செல்லுக்கு மட்டும் கொடுங்க. அந்த நேரத்துல பேக்ல வேற எதுவும் மாட்டியிருக்கக் கூடாது, ட்ரில்லும் இல்ல, 21 வோல்ட் சார்ஜரும் இல்ல. மாட்யூல் 1 ஆம்பியர் தரும், 4.2ல தானா நின்னுடும். பக்கத்துலயே இருங்க, கை வெச்சா சூடு தெரியுற அளவுக்குப் போனா கழட்டிடுங்க.

ஏறி முடிச்சு ஒரு மணி நேரம் விட்டு அளந்து எழுதி வைங்க. பேக்கை ஒரு வாரம் சும்மா வெச்சு மறுபடி அஞ்சையும் அளங்க. அஞ்சும் சேர்ந்தே இருந்தா பேக் பிழைச்சுது. அது மட்டும் தனியா இறங்கியிருந்தா செல் போச்சு, எத்தனை தடவை ஏத்தினாலும் இதே கதைதான்.

படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு: செல் 2 வோல்ட்டுக்குக் கீழ போய் ரொம்ப நாள் கிடந்திருந்தா இந்த வேலை பண்ணாதீங்க. உள்ள இருக்கிற செம்புத் தகடு கரைஞ்சு, திரும்ப சார்ஜ் ஏத்தும்போது வேற இடத்துல படியும். அது உள் ஷார்ட்டுக்கு வழி. நல்ல பேட்டரியில இருந்து ஒயர் போட்டு "தட்டி எழுப்புற" வீடியோக்கள் நிறைய சுத்துது. தீப்பிடிக்கிற ஆபத்து இருக்கிற வேலை, தயவுசெஞ்சு செய்யாதீங்க.

டூல்ஸ் மெக்கானிக்:

ரெண்டாவது பேக் செல் எல்லாம் ஒரே அளவுல இருக்கு, அதைத் தொட வேண்டாம். தகடுதான். இருந்தாலும் அளந்து உறுதி பண்ணிக்கலாம்.

ட்ரில் உடம்பைத் திறக்கிறப்ப கியர்பாக்ஸ் பக்கம் மேல பார்த்த மாதிரி வைங்க, இல்லாட்டி கியர் நகர்த்தியோட கம்பி தெறிச்சு எங்கேயோ போயிடும். ட்ரில் பக்கத் தகடு ரெண்டுலயும் மெல்லிய ஒயர் சால்டர் வெச்சு, காத்துத் துளை வழியா வெளிய எடுத்து மூடிடுங்க. பேக் உள்ள B+, B−ல இருந்தும் அதே மாதிரி ரெண்டு ஒயர். முனைகளைத் தனித்தனியா டேப் சுத்தி வைங்க, பேக் ஒயர் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பட்டா அவ்வளவுதான். ஒருத்தர் பழைய கட்டையில தட்டை பிட் ஓட்டணும், இன்னொருத்தர் மீட்டர் பிடிக்கணும். பேக் பிளஸ்ஸுக்கும் ட்ரில் பிளஸ்ஸுக்கும் நடுவுல வோல்ட் பாருங்க, பிறகு மைனஸ்ஸுக்கு மைனஸ். முழு ட்ரிக்கர்ல 0.1 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா நல்ல தொடர்பு.

மரவேலை திருப்பூர்:

பார்த்துட்டேன். பிளஸ்ல 2.3 வோல்ட், மைனஸ்ல 0.3. பேக் உள்ள அதே நேரத்துல 17.8க்கு இறங்குது.

டூல்ஸ் மெக்கானிக்:

பாருங்க, 20.6ல இருந்து 17.8 வரைக்கும் இறங்குறது பாரத்துல செல்லோட இயல்பு. அதுக்கு மேல 2.6 வோல்ட் தகட்டுலயே போயிடுது, மோட்டாருக்கு 15 சொச்சம்தான் வருது. 15 ஆம்பியர் ஓடுறதா வெச்சாலும் பிளஸ் தகட்டுல மட்டும் 34 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு அந்தப் பிளாஸ்டிக் நடுவுல. அப்புறம் இளகாம என்ன செய்யும்?

கறுப்பை 800 நம்பர் எமரி தாளால தேய்ச்சு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைங்க. ட்ரில் பக்கத் தகடு கிளிப் மாதிரி ரெண்டு இதழா இருக்கும், மூக்குக் குறடால லேசா நெருக்குங்க. பேட்டரி தள்ளும்போது இறுக்கம் கையில தெரியணும். ஆனா ரொம்பச் சுட்ட கிளிப் ஸ்பிரிங் தன்மையை இழந்திருக்கும், நெருக்கினாலும் நாலு நாள்ல விரிஞ்சுடும். உங்களோடது பிளாஸ்டிக் இளகுற அளவு போயிருக்கிறதால டெர்மினல் பிளாக்கையே மாத்திடுங்க. இது மாத்தாம புது பேட்டரி போட்டா அதோட தகட்டையும் கறுக்க வெச்சுடும். புது பேட்டரி வாங்கியும் இழுவை வரலைங்கிற புகார்ல பல, இந்த இடத்துல முடியுறதுதான்.

திறந்ததும் திறந்தீங்க, கார்பனையும் பாருங்க. 5 மி.மீ.க்குக் கீழ தேஞ்சிருந்தா ஜோடியா மாத்துங்க, ஒண்ணு மட்டும் மாத்தக் கூடாது.

சைட் எலக்ட்ரீசியன்:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். செவுத்துல ஓட்டை போடுறப்ப இழுவை இல்லைன்னு தேடி வர்றவங்களுக்காக. செங்கல் செவுத்துல 8 மி.மீ. ஓட்டைக்கு இந்த ட்ரில் போதும். ஜன்னலுக்கு மேல லிண்டல், தூண், பீம் எல்லாம் கான்கிரீட். அங்க இந்த வகை ட்ரில் பேட்டரியைக் குடிக்கும், பிட்டைச் சூடாக்கும், உள்ள போகாது. அதுக்கு எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர், அதாவது சுத்திக்கிட்டே பலமா அடிக்கிற மெஷின் வேணும். ரிவர்ஸ்ல இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்குங்க, கான்கிரீட் பிட் ரிவர்ஸ்லயும் கொஞ்சம் சுரண்டும், அதனால தெரியாது.

மரவேலை திருப்பூர்:

டெர்மினல் பிளாக் மாத்தியாச்சு. இப்போ பிளஸ்ல 0.06 வோல்ட், ரெண்டாவது பேட்டரி தட்டை பிட்டை முழுசா இறக்குது. ரொம்ப நன்றி அண்ணா.

முதல் பேக்: தனியா ஏத்தினதும் அஞ்சாவது செல் 4.18. ஒரு வாரம் கழிச்சு 3.92. மத்ததெல்லாம் 4.17லயே இருக்கு. அந்த ஒண்ணை மட்டும் மாத்தினா போதுமா? லேப்டாப் பேட்டரியில இருந்து எடுத்த செல் கையில இருக்கு.

பேட்டரி சர்வீஸ்:

செல் போச்சு. லேப்டாப் செல் வேண்டவே வேண்டாம். 2600 மில்லி ஆம்பியர் மணின்னு பெருசா இருந்தாலும் அது 5 ஆம்பியர் கிட்டதான் தாங்கும். ட்ரில் பாரத்துல 20ஐத் தாண்டும்.

ஒண்ணை மட்டும் மாத்துறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மத்த நாலும் அதே வயசு. புது செல் தெம்பா இருக்கும், பழசுல எது முதல்ல காலியாகுதோ அது போர்டை வெட்ட வைக்கும். அஞ்சும் மாத்துங்க.

டூல்ஸ் மெக்கானிக்:

மத்த நாலையும் அளந்து பார்த்து, கொள்ளளவு 85 சதவீதத்துக்கு மேலயும் உள் எதிர்ப்பு 30 மில்லி ஓமுக்குக் கீழயும் இருந்தா ஒண்ணை மாத்தி ஓட்டலாம்ங்கிறது என் கருத்து. அளக்கிற கருவி கையில இல்லாதவங்க அஞ்சும் மாத்துறதுதான் சரி, அதுல தம்பி சொல்றதை ஏத்துக்கிறேன்.

பேட்டரி சர்வீஸ்:

சரிங்க. எந்தச் செல்: 18650 அளவுல, தொடர்ந்து 20 ஆம்பியர் தர்றது. சாம்சங் 25ஆர், எல்ஜி ஹெச்ஜி2 மாதிரி. போலி நிறைய. இந்த அளவுல 9900னு அச்சடிச்சிருந்தா பொய், அதைத் தொடாதீங்க. எடை போட்டா நல்ல செல் 45 கிராம் பக்கம் வரும், 30ல இருந்தா உள்ள ஒண்ணுமில்ல.

சால்டரிங் அயர்னை செல் மேல நேரா வைக்காதீங்க, சூடு உள்ள இருக்கிற சவ்வைக் கெடுத்துடும். ஸ்பாட் வெல்டிங்தான். சுத்த நிக்கல் பட்டை, 0.15 மி.மீ. தடிமன், 8 மி.மீ. அகலம், ரெண்டு அடுக்கு. நிக்கல் பூசின இரும்புப் பட்டையும் அதே மாதிரிதான் பளபளக்கும். அரத்தால கீறி உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி போடுங்க, துரு பிடிச்சா இரும்பு.

வெல்டு வைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு செல்லும் 0.02 வோல்ட்டுக்குள்ள ஒத்திருக்கணும். பிளஸ் முனையில பார்லி பேப்பர் (கரண்ட் கடத்தாத தாள்) வளையம் ஒட்டுங்க, அந்த இடத்துல உறை கிழிஞ்சாதான் ஷார்ட் ஆகும். போர்டுக்கு முதல்ல B−, அடுத்து B1ல இருந்து B4 வரைக்கும் வரிசையா, கடைசியா B+. போர்டு வாங்கும்போது பேலன்ஸ் வசதி, அதாவது எல்லா செல்லையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டு வர்ற வசதி இருக்கிறதா கேட்டு வாங்குங்க. உங்க பழைய போர்டுல அது இருக்காதுன்னு நினைக்கிறேன்.

சார்ஜரையும் ஒரு தடவை அளங்க. சும்மா இருக்கிறப்ப 21.0 வரணும். 21.2ஐத் தாண்டினா மாத்திடுங்க.

சைட் எலக்ட்ரீசியன்:

ஒரு சந்தேகம் எனக்கும். பழைய 14.4 வோல்ட் நிக்கல் காட்மியம் ட்ரில் ஒண்ணு கிடக்கு. அதுல லித்தியம் போடலாமா?

பேட்டரி சர்வீஸ்:

போடலாம். உள்ள 1.2 வோல்ட் செல் பன்னிரண்டு இருக்கும். அதுக்குப் பதிலா நாலு லித்தியம் செல், நாலு செல் பிஎம்எஸ் போர்டு. முழு சார்ஜ்ல 16.8 வோல்ட். பழைய செல்லும் சார்ஜர்ல இருந்து எடுத்த உடனே ஒண்ணு 1.4 கிட்ட காட்டும், மொத்தம் அதே 16.8. மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பழைய சார்ஜரை அன்னைக்கே ஒதுக்கிடுங்க, அது லித்தியத்துக்கு எப்போ நிறுத்தணும்னு தெரியாத சார்ஜர். 16.8 வோல்ட் லித்தியம் சார்ஜர் தனியா வாங்கணும்.

மரவேலை திருப்பூர்:

கழட்டுற பழைய செல்லை என்ன பண்றது? குப்பையில போடலாமா?

பேட்டரி சர்வீஸ்:

கூடாதுங்க. குப்பை வண்டியில நசுங்கினா தீப்பிடிக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவுல வைங்க. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022 வந்த பிறகு, தயாரிக்கிறவங்களும் இறக்குமதி பண்றவங்களும்தான் பழசைச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பணும். செல் வாங்குற கடையில கேளுங்க, எடுக்கலைன்னா அனுமதி வாங்கின மின்கழிவு சேகரிப்பு மையத்துல கொடுங்க. காட்மியம் செல்லை இதோட கலக்காம தனிக் கவர்ல போடுங்க.